வற்றிய குளத்தையும் எழுதுங்கள்

தை பிறக்கும் நேரத்தில் திருநெல்வேலிப் பக்கம் குளக்கரைகளில் பைனாகுலரும் நோட்டுமாக ஆட்களைப் பார்க்கலாம். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-ல் தொடங்கியது. மாணவர்கள், ஆசிரியர்கள், என்னைப் போல வேலைக்கு லீவு போட்டு வருகிறவர்கள் என்று எல்லோரும் தன்னார்வலர்கள்தான்.

எண்ணுவது லேசான வேலை இல்லை. ஊசிவால் வாத்துக் கூட்டம் என்றால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவில் கூட்டம் முழுக்க நகர்ந்து போக வேண்டும். முந்நூறைத் தாண்டும்போது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வரும். மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். அப்புறம் திரும்ப முதலிலிருந்து.

இவ்வளவு பொறுமை உள்ள நண்பர்கள்கூட, வற்றிக் கிடக்கிற குளத்தைப் பார்த்ததும் "இங்கே ஒன்றும் இல்லை, அடுத்த குளத்துக்குப் போகலாம்" என்று வண்டியைக் கிளப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றும் இல்லை என்பதும் கணக்குதானே? நிறைந்த குளங்களை மட்டும் எழுதி வைத்தால், பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு இங்கே எல்லாக் குளத்திலும் எப்போதும் தண்ணீர் இருந்ததாகத் தோன்றும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் படம் எடுக்க எத்தனையோ பேர் வருகிறார்கள், நல்லது. ஆனால் நாமக்கோழி, முக்குளிப்பான் மாதிரி சாதாரண நீர்ப்பறவைகளையும் வருடா வருடம் ஒரே குளத்தில் எண்ணினால்தான் எது குறைகிறது என்று தெரியும். "நிறைய" என்று எழுதுவதும் வேண்டாம். உத்தேசமாகவாவது ஒரு எண் போடுங்கள்.

செடி கொடிகளையும் குறிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குளத்துக்குள் நிற்பது நாட்டுக் கருவேலமா, சீமைக் கருவேலமா? எதில் கூடு இருக்கிறது? ஆகாயத்தாமரை எதுவரை மூடியிருக்கிறது? மரம் வெட்ட ஏலம் விடும் நாளில் இந்தக் குறிப்பு இருந்தால்தான் நாம் வாய் திறக்க முடியும்.

போன முறை அப்படி ஒரு வறண்ட குளத்தில் நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "தண்ணியே இல்ல, என்னத்தத் தம்பி எண்ணுதிய?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ மடை உடைஞ்சு கெடக்கதையும் எழுதிக்கிடுங்க" என்றார்.

எழுதினேன். ஆட்காட்டி 2, பஞ்சுருட்டான் 7, மைனா 11. வாத்து 0. மடை உடைந்திருக்கிறது.