எல்லாம் எழுந்துவிட்டது, வைஃபையைத் தவிர

ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்வதற்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி காலையில், முந்தைய இரவு ஹைபர்னேட் (திறந்திருப்பவை கலையாமல் கணினியை அணைத்துவைக்கும் வசதி) கொடுத்து மூடிவைத்த மடிக்கணினியைத் திறந்தேன். பதினொரு எக்செல் கோப்புகளும் பாதியில் நின்ற ஒரு கடிதமும் விட்டது விட்டபடி இருந்தன. கர்சர்கூட நேற்றிரவு நின்ற கட்டத்திலேயே நின்று மின்னிக்கொண்டிருந்தது. வலது மூலையில் வைஃபை குறி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஓர் உலக உருண்டை உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டினால் அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் பெயர்கள் வரவில்லை என்பது இருக்கட்டும், வைஃபை என்ற பொத்தானே அங்கே இல்லை. அதே மேசையில் என் கைப்பேசி அதே ரவுட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்று மாதங்களாக, வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்தக் கூத்து நடக்கிறது.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்." ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும் என்பது எனக்கும் தெரியும் ஐயா! விட்ட வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதற்காகத்தானே ஒருவர் ஹைபர்னேட் செய்கிறார்? பதினொரு கோப்புகளையும் சேமித்து மூடி, மறுபடியும் திறந்து, எந்த வரியில் நின்றோம் என்று தேட வேண்டுமென்றால் அந்த வசதி எதற்கு?

நடப்பது என்னவென்று தேடிப் படித்த பிறகு எரிச்சல் இரட்டிப்பானதுதான் மிச்சம். ஹைபர்னேட் செய்யும்போது ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், உள்ளதையெல்லாம் கணினி வட்டில் ஒரு பெரிய கோப்பாக எழுதிவைத்துவிட்டு மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்கிறது. எழும்போது அந்தக் கோப்பைப் படித்து ரேமை மீண்டும் நிரப்புகிறது. ஆனால் வைஃபை கார்டுக்குள் ஓடும் சிறு மென்பொருள் அந்தக் கோப்பில் சேர்வதில்லை; மின்சாரம் போனதும் அது அழிந்துவிடும். அதைத் திரும்ப ஏற்றி, கார்டைப் புதிதாகத் துவக்குவது டிரைவரின், அதாவது இயங்குதளத்துக்கும் கார்டுக்கும் நடுவே நின்று பேசும் மென்பொருளின், வேலை. தூங்கப் போகிறோம், எழுந்துவிட்டோம் என்று இயங்குதளம் இரண்டு முறையும் டிரைவருக்குச் சொல்லத்தான் செய்கிறது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாத டிரைவர், கார்டு நேற்றிரவு இருந்தபடியே இருக்கிறது என்று நம்பி அதனுடன் பேசிப் பார்த்து, பதில் வராமல் போனதும் கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஒரு மஞ்சள் முக்கோணத்தையும், சாதனம் தொடங்கவில்லை என்று பொருள்படும் 'கோட் 10' என்ற எண்ணையும் ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

சரி, ஒருமுறை முழுதாக அணைத்துவிட்டுத் தொடங்குவோம் என்று ஷட் டவுன் கொடுத்தேன். திரும்பத் திறந்தபோதும் வைஃபை வரவில்லை. விண்டோஸ் 8 வெளிவந்த 2012-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், திறந்திருக்கும் நிரல்கள் மூடப்படுமே தவிர, இயங்குதளத்தின் கருவும் டிரைவர்களும் ஹைபர்னேட்தான் ஆகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்து, கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்த்தேன்: 23 நாட்கள்! ஞாயிறுதோறும் என் கையாலேயே அணைத்த கணினி அது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைத் தட்டினால்தான் உண்மையாக அணையுமாம். பெயரில் இருப்பதைச் செய்யவைக்க ஒரு பொத்தானுக்கு இரகசியச் சாவி தேவைப்படும் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

சேவை மையத்திலோ, கார்டையே மாற்ற வேண்டும் என்று கூசாமல் ஒரு தொகையைச் சொன்னார்கள். புதிய டிரைவரைப் போட்டுப் பார்க்கலாமே என்றேன். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இணையம் இல்லை என்றுதானே உங்களிடம் வந்தேன்! கடைசியில் கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கடன் வாங்கித்தான் அன்றைய படிவத்தையே அனுப்பினேன்.

ரீஸ்டார்ட் செய்யாமல் தப்பிக்க நானாகக் கண்ட வழி, டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரை (அதே கார்டைத்தான்) டிஸேபிள் செய்து மறுபடியும் எனேபிள் செய்வது. அரை நிமிடத்தில் டிரைவர் கார்டைப் புதிதாகத் துவக்கிவிடும், கோப்புகளும் கலையாது. அதே அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இச்சாதனத்தைக் கணினி அணைக்கலாம் என்ற அனுமதிக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்த பிறகு, இரண்டு வாரம் நிம்மதியாக ஓடியது. என் அண்ணன் மகளின் புது மடிக்கணினியில் அந்தப் பக்கமே காணோம்; மாடர்ன் ஸ்டாண்ட்பை (கைப்பேசியைப் போல நொடியில் விழிக்கும் தூக்க முறை) உள்ள கணினிகளில் பெரும்பாலும் அதை மறைத்துவிடுகிறார்கள்.

அந்த நிம்மதியும் நேற்றோடு போயிற்று. இரவு ஏதோ புதுப்பிப்பு தானாக நிறுவிக்கொண்டது. காலையில் மீண்டும் அந்த உலக உருண்டை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால், டிரைவரின் தேதி மாறியிருக்கிறது, நான் எடுத்த டிக் பழைய இடத்தில் திரும்பவும் உட்கார்ந்திருக்கிறது. அதை மறுபடி எடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.