பணம் இருக்கும்போது பையன்களை ஏன் கேட்கிறீர்கள்?

2024 நவம்பரின் இந்தச் சனிக்கிழமை இரவு அந்தப் பிறந்தநாள் விருந்தில் நடந்தது இங்குள்ள பலருக்கும் தெரியும்; வராதவர்களுக்கும் வாட்ஸப் குழு வழியாகக் காணொளியாகவே போய்ச் சேர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஆகவே யார் சொன்னார், எந்தத் தொனியில் சொன்னார், யாரெல்லாம் கைதட்டினார்கள் என்பதை மறுபடியும் விவரிக்கப்போவதில்லை. "அந்த நாலு பையன்களையும் மூட்டை கட்டி சிகாகோவுக்கு அனுப்பிவிட்டு குரோஷேயைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஐந்தாவதாக ஒருத்தனைக் கேட்டால் அவனையும் கொடுத்துவிடுங்கள்" என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன். பேச்சு பேஸ்பால் பற்றியது: எங்கள் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, தன் மைனர் லீக்கில் (கீழ்நிலை அணிகளில்) வளரும் நான்கு இளம் வீரர்களைக் கொடுத்து, சிகாகோ அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) காரட் குரோஷேயை மாற்றி வாங்க வேண்டுமா என்பது. அங்கேயே சொல்லியிருக்கலாம். கேக் வெட்டும் நேரம், குழந்தைகள் சுற்றி நின்றார்கள், அதனால் பேசாமல் இருந்தேன். பதில் இல்லாததால் பேசாமல் இருந்தேன் என்று சிலர் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது.

என் கருத்து ஒன்றே ஒன்றுதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பணத்தால் வாங்க முடிந்ததைப் பணத்தால் வாங்குங்கள். 81 வெற்றி, 81 தோல்வி என்று 2024 பருவத்தைச் சரிபாதியில் முடித்து, தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக பிளேஆஃப் (பருவ முடிவில் பட்டத்துக்காக ஆடும் சுற்று) பக்கம் எட்டிப் பார்க்காத பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு ஒரு முதல்தர பிட்சர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காரட் குரோஷே அப்படிப்பட்டவர் என்பதிலும் இல்லை. 121 ஆட்டங்களில் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியில் இருந்துகொண்டு 146 இன்னிங்ஸில் 209 ஸ்டிரைக்அவுட் (மட்டையில் சிக்காமல் வீசியே ஆட்டக்காரரை வெளியேற்றுவது) எடுத்தவரைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் கார்பின் பர்ன்ஸ், மேக்ஸ் ஃபிரீட், பிளேக் ஸ்னெல் என்ற மூன்று பிட்சர்களும் இதை எழுதும் 2024 நவம்பரில் எந்த அணிக்கும் கட்டுப்படாமல் சந்தையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துவர யாரையும் பஸ் ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை, ஒரு செக் போதும். பெட்டியில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு வீட்டு நகையை அடகுக்கடைக்கு எடுத்துப்போகிறவரை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்பது அந்த வாக்கியத்தைச் சொன்ன அண்ணனுக்குத் தெரியாதா என்ன?

அந்த நாலு பேர் யார் என்று தெரிந்துதான் கைதட்டினீர்களா என்பதும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ரோமன் ஆன்டனிக்கு 2024இல் இருபது வயது. அந்த வயதில் டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று மேஜர் லீக்குக்கு நேர் கீழே உள்ள இரண்டு நிலைகளிலும் தன்னைவிட மூத்த பிட்சர்களை எதிர்த்து 18 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) அடித்திருக்கிறான். கிறிஸ்டியன் கேம்ப்பெல் 2023 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) 132ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவன். 2024 என்ற ஒரே ஆண்டில் கிரீன்வில், போர்ட்லண்ட், வூஸ்டர் என்று ரெட் சாக்ஸின் கீழ்நிலை அணிகளில் மூன்று படி ஏறி, .330 அடிப்புச் சராசரியோடு முடித்து, பேஸ்பால் அமெரிக்கா இதழின் ஆண்டின் சிறந்த மைனர் லீக் வீரன் என்ற விருதை வாங்கினான். மார்செலோ மேயர் 2021 டிராஃப்டில் நான்காவதாக எடுக்கப்பட்ட ஷார்ட்ஸ்டாப் (உள்வட்டத்தில் நிற்கும் ஃபீல்டர்), போர்ட்லண்டில் .307 சராசரியில் அடித்துக்கொண்டிருந்தபோது ஜூலை இறுதியில் முதுகு பிடித்துக்கொண்டது. கைல் டீல் கேட்சர், கிரிக்கெட் விக்கெட் கீப்பர் போல பிட்சரின் பந்தைப் பிடிப்பவன். நல்ல கேட்சர் எவ்வளவு அரிது என்பதை எழுதத் தொடங்கினால் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

இவர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் பாருங்கள். 2021 நவம்பரில் எங்கள் பிட்சர் எட்வர்டோ ரோட்ரிகஸ் டெட்ராய்ட் அணிக்குப் போனார். அதற்கு ஈடாகக் கிடைத்த டிராஃப்ட் தேர்வில், 79ஆம் இடத்தில், வந்தவன்தான் ஆன்டனி. பத்து ஆண்டுகள் இங்கே ஆடிய ஸாண்டர் போகார்ட்ஸை 280 மில்லியன் டாலருக்கு சான் டியாகோ தூக்கிக்கொண்டு போனபோது நமக்கு ஈடாகக் கிடைத்த தேர்வில் வந்தவன் கேம்ப்பெல். நமக்குப் பிடித்தவர்களைப் பணம் கொடுத்து நிறுத்திக்கொள்ள மனமில்லாத நிர்வாகம், அந்தப் பிரிவுக்கு ஆறுதலாகக் கிடைத்த பையன்களையும் இப்போது பணத்துக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டுமாம். முதலில் செலவழிக்காமல் இருந்ததற்கும் இவர்கள்தான் விலை, இனிமேல் செலவழிக்காமல் இருப்பதற்கும் இவர்கள்தான் விலை.

ரோமன் ஆன்டனி ஃபுளோரிடாவில் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் பள்ளியில் படித்தவன். அதே பள்ளியிலிருந்து 2007இல் ரெட் சாக்ஸ் ஒரு பையனை எடுத்தது. பெயர் ஆன்டனி ரிஸ்ஸோ. மறு ஆண்டே அவனுக்குப் புற்றுநோய் வந்தது, சிகிச்சை முடித்து மீண்டு வந்து ஆடினான், 2010 டிசம்பரில் ஏட்ரியன் கொன்ஸாலஸுக்காக சான் டியாகோவுக்குக் கொடுக்கப்பட்டான். கொன்ஸாலஸுக்கு அதற்கு மேல் 154 மில்லியன் டாலர் ஒப்பந்தமும் கொடுத்தார்கள். 2012 ஆகஸ்டில் அவரை லாஸ் ஏஞ்சலஸுக்குத் தள்ளிவிட்டார்கள். ரிஸ்ஸோ பிறகு சிகாகோ கப்ஸ் அணிக்குப் போய், 2016இல் அந்த அணியின் பட்டத்துக்கான 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த கடைசி அவுட்டைத் தன் கையுறையில் பிடித்தார்.

"கிறிஸ் செயல் டிரேட் (வீரர்களை மாற்றிக்கொண்ட பேரம்) மட்டும் கண்ணுக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரிகிறது. 2016 டிசம்பரில் மொன்காடா, கோபெக் என்ற இளம் வீரர்களையும் இன்னும் இருவரையும் கொடுத்து பிட்சர் கிறிஸ் செயலை வாங்கினோம். 2018இல் உலகத் தொடரை, அதாவது பட்டத்தை, வென்றபோது கடைசிப் பந்தை அவர்தான் வீசினார். நானும் அன்றைக்கு வீட்டில் குதித்தேன். ஆனால் அந்த 2018 அணி லீக்கிலேயே அதிகச் சம்பளம் கொடுத்த அணி என்பதை மட்டும் ஏன் சொல்லாமல் விடுகிறீர்கள்? டேவிட் பிரைஸுக்கு 217 மில்லியன் எழுதிக் கொடுத்தார்கள், ஜே.டி. மார்ட்டினெஸை வாங்கினார்கள், அதற்கும் மேலேதான் பையன்களைக் கொடுத்தார்கள். பணம் கொட்டுகிற நிர்வாகம் கூடவே இரண்டு பையன்களைக் கேட்டால் நானும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்வேன். 2023 நவம்பரில் தலைவர் டாம் வெர்னர் முழு வேகத்தில் இறங்கப்போகிறோம் என்றாரே, அந்தக் குளிர்காலத்தின் பெரிய வரவு பிட்சர் லூகாஸ் ஜியோலிட்டோ. அவர் மார்ச்சில் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போனார், பருவத்தில் ஒரு பந்தும் வீசவில்லை. அதே குளிர்காலத்தில் செயலின் சம்பளத்தில் 17 மில்லியன் டாலரையும் கையோடு கொடுத்து அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பினார்கள். 2024 நவம்பரில் செயல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். இந்தக் கூட்டத்தின் கணக்கை நம்பித்தான் நாலு பையன்களையும் ஒப்படைக்கச் சொல்கிறீர்கள்.

அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். "மைனர் லீக்கில் ஜொலித்தவர்கள் எல்லாம் மேலே வந்து ஜொலித்தார்களா? பிளேக் ஸ்வைஹார்ட் எங்கே? மூக்கி பெட்ஸுக்கு ஈடாக வந்த ஜீட்டர் டவுன்ஸ் எங்கே?" காணவில்லை, உண்மைதான். பலர் காணாமல்தான் போகிறார்கள். ஆனால் எங்கள் மைனர் லீக்கிலிருந்து வந்த ஜாரன் டுரான் எங்கே என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 2022 ஜூலை 22 அன்று டொரண்டோவிடம் 28-5 என்று தோற்ற ஆட்டத்தில், சென்டர்ஃபீல்டில் (மைதானத்தின் நடு வெளிப்பகுதியில்) தலைக்கு மேலே வந்த பந்தைக் காணாமல் விட்டு, எதிரணிக்கு மைதானத்துக்குள்ளேயே ஒரு கிராண்ட் ஸ்லாமைத் (நான்கு ரன் தரும் ஹோம் ரன்) தானம் செய்தார். அந்த வாரம் அவரை யாராவது ஒரு பை வேர்க்கடலைக்குக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பீர்கள். 2024இல் ஆல்-ஸ்டார் (நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும்) ஆட்டத்தின் சிறந்த வீரர் அவர். அந்தப் பருவத்தில் 48 டபுள் (இரண்டு பேஸ் ஓடிய அடி), 14 டிரிபிள் (மூன்று பேஸ்). ஏழாவது சுற்றில் எடுத்த பையன்.

அணியில் இடது கையால் அடிக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்ற வாதம் கொஞ்சம் நியாயமானது. 2024 அணியின் டெவர்ஸ், டுரான், கசாஸ் மூவரும் இடது கை. ஆன்டனி, மேயர், டீலும் இடது கை. சரி, கேம்ப்பெல் வலது கை. இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அந்தச் சிக்கல் வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஆட இடம் எங்கே என்கிறீர்கள். 1990 ஆகஸ்டிலும் இதையேதான் சொன்னார்கள். மூன்றாம் பேஸில் வேட் போக்ஸ் இருக்கிறார், இடமில்லை என்று சொல்லி, பாஸ்டனிலேயே பிறந்து நியூ பிரிட்டனில் டபுள் ஏ ஆடிக்கொண்டிருந்த ஜெஃப் பாக்வெல்லை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, 37 வயது பிட்சர் லாரி ஆண்டர்சனை வாங்கினார்கள். ஆண்டர்சன் இங்கே வழக்கமான பருவத்தில் வீசியது 22 இன்னிங்ஸ். அந்த ஆண்டு பிளேஆஃபில் ஓக்லண்டிடம் நான்குக்கு நான்கும் தோற்றோம். பாக்வெல் 449 ஹோம் ரன் அடித்து 2017இல் மாபெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். இடமில்லையாம்.

பர்ன்ஸையோ ஃபிரீடையோ எடுத்தால் டிராஃப்ட் தேர்வு ஒன்று போகுமே என்று ஒரு தம்பி தனிச்செய்தியில் கேட்டார். போகட்டும். ஆன்டனியும் கேம்ப்பெலும் அப்படிப்பட்ட தேர்வுகளில் வந்தவர்கள்தானே என்று அவர் மடக்கியதாக நினைத்துக்கொண்டார். இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிற, பெயரும் முகமும் தெரியாத ஒருவனுக்காக நான் இப்போது கவலைப்பட முடியாது. ஆகஸ்டில் வூஸ்டரில் நேரில் பார்த்தவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

ஆம், நேரில் பார்த்தேன். ஆன்டனி, கேம்ப்பெல், டீல் மூவரும் ஒன்றாக வூஸ்டருக்கு வந்த பிறகு குடும்பத்தோடு அங்குள்ள போலார் பார்க் மைதானத்தில் போய் உட்கார்ந்தோம். என் மகள் மடியில் ஸ்கோர் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தையும் குறித்தாள். அதற்குத்தான் சனிக்கிழமை எனக்கு "காசு கொடுத்து நெட் பிராக்டிஸ் பார்க்கப் போகிறவர்" என்ற பட்டம் கிடைத்தது. சிரித்தவர்களில் மூன்று பேர் ரெட் சாக்ஸின் ஃபென்வே பார்க் மைதானத்தில் ஏழாவது இன்னிங்ஸ் வரைகூட உட்காராமல் பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து கிளம்புகிறவர்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பட்டம் வலிக்கவில்லை. அதற்கடுத்துச் சொன்னதுதான் வலித்தது: "அவரையே ஒரு தடவை மாற்றிக் கொடுத்துவிட்டார்களே, அதனால்தான் இந்தப் பையன்களுக்காக உருகுகிறார்." பழைய நண்பர்களுக்கு அந்தக் கதை தெரியும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வேறொரு மாநிலத்து கிளையன்ட்டிடம் இருந்த ஒரு சீனியர் ஆர்க்கிடெக்டை எங்கள் பிராஜெக்டுக்குக் கொண்டுவருவதற்காக என்னையும் இன்னொரு பையனையும் அங்கே அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் தெரிந்துகொண்டேன். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். மேலாளர் அழைத்து இது எனக்கு நல்ல வாய்ப்பு என்றார். வாய்ப்பு என்றால் முதலில் என்னைக் கேட்டிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை, விசா அவர்கள் கையில் இருந்தது. இதை அந்த அண்ணனிடம் நானேதான் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னேன். அவர் அதை விருந்தில் பந்தாக எடுத்து வீசினார். சரி, அப்படியே இருக்கட்டும். அனுபவித்தவன் பேசினால் சுயபச்சாதாபம், அனுபவிக்காதவர் பேசினால் வியூகம் என்றால், இந்தப் பேச்சில் நான் எப்போதுமே தோற்கத்தான் வேண்டும்.

மில்லியன் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு என்ன குறை என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டீலும் மேயரும் ஒப்பந்தத்தின்போது பெரிய தொகை வாங்கினார்கள், மறுக்கவில்லை. அவர்களோடு அதே பஸ்ஸில் ஏறுகிற மற்றவர்கள் வாங்கவில்லை. டபுள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2022 வரை 13,800 டாலர். சங்கம் அமைத்து 2023இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் 30,250 ஆனது. தங்க இடம் கொடுக்கவே 2022 வரை ஆயிற்று. அதற்கு முன் 160 மைனர் லீக் அணிகளை 120 ஆக வெட்டியபோது நமக்குப் பக்கத்து லோவெல் ஊரின் அணியும் அதில் போனது. இத்தனையையும் தாண்டி ஒருவன் மேலே வருகிற வாசலில் நிற்கும்போது, சாப்பாட்டுத் தட்டோடு நின்று "ஐந்தாவதாக ஒருத்தனைக் கேட்டாலும் கொடுங்கள்" என்று சொல்ல முடிகிறதே, அந்தத் தாராளத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஐந்தாவது ஆள் யார் என்றாவது தெரியுமா? ஜாஸ்டின்சன் கார்சியாவாக இருக்கலாம். வெனிசுவேலாப் பையன், 2024இல் சேலத்தில் தொடங்கி (நம் சேலம் இல்லை, வர்ஜீனியாவில் இருப்பது) போர்ட்லண்ட் வரை வந்தவன். மற்ற அணிகள் ரூல் ஃபைவ் டிராஃப்டில் (பாதுகாக்கப்படாத வீரர்களை எடுத்துக்கொள்ளும் முறை) தூக்கிவிடக் கூடாது என்று நவம்பர் 19ஆம் தேதிதான் அவனை அணியின் முதன்மை நாற்பது பேர் பட்டியலில் சேர்த்தார்கள். நிர்வாகமே பத்திரப்படுத்திய ஆளை நீங்கள் இனாமாக அனுப்புகிறீர்கள்.

2024 டிசம்பர் 9 அன்று டல்லஸில் அணி நிர்வாகங்கள் பேரம் பேசும் குளிர்காலக் கூட்டம் தொடங்குகிறது. குரோஷேவுக்காக டீலைக் கொடுக்க நேர்ந்தால்கூட, கூடவே பர்ன்ஸையோ ஃபிரீடையோ பணம் கொடுத்து வாங்கினார்கள் என்றால், வருத்தத்தோடு வாய் மூடிக்கொள்வேன். ஆன்டனியைக் கொடுத்தால் மூடமாட்டேன். அதுவரைக்கும் யாரும் எனக்கு வாட்ஸப்பில் டிரேட் வதந்திகளை அனுப்ப வேண்டாம். அந்த அண்ணன் அனுப்பினால் திறந்தே பார்க்கமாட்டேன். வூஸ்டரில் அடுத்த பருவத்துக்கான டிக்கெட்டை நாங்கள் எப்படியும் வாங்கத்தான் போகிறோம். நெட் பிராக்டிஸ் பார்க்க வர விருப்பமுள்ளவர்கள் மட்டும் சொல்லுங்கள், சேர்த்தே எடுக்கிறேன்.