முதல் பத்தில் இடம்பிடித்த ஊரிலிருந்து எழுதுகிறேன்

அமெரிக்காவில் பணக் கஷ்டம் அதிகமுள்ள நகரங்கள் என்று ஒரு பட்டியலை இங்கே ஒருவர் பகிர்ந்தார். யார் பகிர்ந்தார், கீழே யார் என்ன எழுதினார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பெயர்களைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் இருக்கும் ஊர் முதல் பத்துக்குள். "அந்த ஊர் மாப்பிள்ளைக்கு யாரும் பொண்ணு குடுத்துடாதீங்க" என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரிப்பு முகங்கள். சிரித்தவர்களில் பலர் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள்.

சரி, சிரித்தாயிற்று. அந்த வரிசை எப்படிப் போடப்பட்டது என்று கடைசிவரை படித்தவர்கள் எத்தனை பேர்? இந்த மாதிரிப் பட்டியல்கள் பார்ப்பது கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் மதிப்பெண்), தவணை தள்ளிப்போன கணக்குகள், திவால் மனுக்கள். சிலவற்றில் 'லோன்' என்று கூகுளில் எவ்வளவு தேடினார்கள் என்பதுகூடச் சேரும். வீட்டுக் கடன் வட்டி குறைந்ததா என்று ஒரு பணக்காரர் தேடினாலும் அது ஊரின் கஷ்டக் கணக்கில் போய் விழும். இதில் தெரிவதெல்லாம் ஏட்டில் ஏறிய கடன்தான். கடன் வேறு, கஷ்டம் வேறு.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு ஸ்கோரே கிடையாது. குறைந்தது ஆறு மாதம் ஓடிய கணக்கு ஒன்றாவது இல்லாவிட்டால் ஃபிகோ என்ற அந்த ஸ்கோர் எண்ணே வராது. அப்போது ஒரே அறையில் முட்டிமோதிப் படுத்திருந்தோம். வாடகைக்கு நண்பனிடம் கைமாற்று, அதை அடைக்க இன்னொருவனிடம் கைமாற்று. என் வாழ்க்கையிலேயே மோசமான காலம் அது. எந்தப் பட்டியலிலும் நான் இல்லை. பிறகு நல்ல வேலை, கிரெடிட் கார்டு, கார் கடன் எல்லாம் வந்து, நடுவில் வேலை போனபோது சில தவணைகள் தவறின. உடனே ஸ்கோர் சரிந்தது, ஊரின் சராசரியைக் கெடுக்கும் ஆளானேன். முன்னதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"டேட்டா பொய் சொல்லாது" என்று ஒருவர் பாடம் எடுத்தார். நல்லது. 2022-இல் கட்டி முடித்த மருத்துவக் கடன்களையும், 2023-இல் வசூல்காரர்களிடம் போன 500 டாலருக்குக் குறைவான மருத்துவ பாக்கிகளையும், நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் தங்கள் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டன. யாருடைய பையிலும் ஒரு டாலர் கூடவில்லை, ஆனால் ஸ்கோர் ஏறியது. மாணவர் கடன் தவணை 2020-லிருந்து நிறுத்திவைக்கப்பட்டு, 2023 அக்டோபரில் திரும்பத் தொடங்கியது. அதற்குப் பிறகும் ஒரு வருடம், தவணை தவறினாலும் அறிக்கையில் ஏற்றாத சலுகை. 2025-இல்தான் தவறிய தவணைகள் அறிக்கையில் ஏற ஆரம்பித்தன, ஸ்கோர்கள் சரிந்தன. கல்லூரிக் கடன் வாங்கியவர்கள் நிறைய இருக்கும் ஊர் எதுவாக இருந்தாலும் அப்போது அடிவாங்கும். அந்த ஊர்க்காரர்கள் திடீரென்று ஊதாரிகள் ஆகிவிட்டார்களா?

திவாலாவதற்கும் காசு வேண்டும், அது தெரியுமா? சாப்டர் 7 என்ற வகைத் திவால் மனுவுக்கு நீதிமன்றக் கட்டணமே 338 டாலர், வக்கீல் செலவு தனி. அதுகூட இல்லாத பலர் மனுவே போடுவதில்லை. கணக்குப்படி அவர்கள் சௌக்கியம்.

நகர எல்லை இன்னொரு கூத்து. செயின்ட் லூயிஸ் 1876-இல் தன் கவுண்டியை (நம் ஊர் மாவட்டம் மாதிரி) விட்டுப் பிரிந்தது, வசதியான புறநகர்கள் இன்றும் கோட்டுக்கு வெளியே. ஜாக்சன்வில் 1968-இல் டுவால் கவுண்டியோடு இணைந்தது, பெரும்பாலான புறநகர் உள்ளேயே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண் கொடுக்கிறார்கள். கல்லூரி ஊர்களிலோ விடுதிக்கு வெளியே தங்கும் மாணவர்களும் ஏழைகள் கணக்கில் வருவார்கள். இந்தியானா மாநிலத்தின் புளூமிங்டன் மாதிரி ஊர்களில் அவர்களை விலக்கினால் வறுமை விகிதம் இறங்கிவிடும்.

"அப்போ அளக்கவே கூடாதா?" என்பீர்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? 1976-லேயே ரிச்சர்ட் நேதன், சார்ல்ஸ் ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நகரங்களின் நெருக்கடியை அளந்தார்கள். வேலையின்மை, சிறுவர் முதியோர் விகிதம், படிப்பு, தனிநபர் வருமானம், நெரிசலான வீடு, வறுமை என்று ஆறு. அதில் கிரெடிட் ஸ்கோர் இல்லை. சிகாகோ தன் 77 பகுதிகளுக்கும் இதே ஆறை வைத்து எண் போட்டது. அதில் ஒரே நகரத்துக்குள் ஒரு பகுதி எங்கேயோ, அடுத்த பகுதி எங்கேயோ இருக்கும். அந்த அளவுகோலிலும் குறை உண்டுதான். ஆனால் அன்று ஒரே அறையில் அடைந்து கிடந்த என்னை அது பார்த்திருக்கும். நெரிசல் அதில் ஒரு கணக்கு.

"சிலர் உண்மையிலேயே வரவுக்கு மீறிச் செலவழிக்கிறார்களே." ஆமாம், எல்லா ஊரிலும். அடுத்தது.

சொல்லப்போனால் எனக்கு வலித்தது பட்டியல்கூட இல்லை. வேலை போயிருந்த மாதங்களில் என்னிடம் வேலை நிலவரம் கேட்காமல், "அந்தப் பெரிய வீடு எதுக்கு வாங்கினே?" என்று மட்டும் கேட்டவர்கள்தான் இன்றைக்கும் முதலில் வந்து சிரிக்கிறார்கள். தவணை தவறியவன் என்றால் குணம் கெட்டவன் என்று எப்போதோ முடிவு கட்டியாயிற்று. பட்டியல் வந்தது அவர்களுக்குச் சாட்சி கிடைத்த மாதிரி. இவர்கள் ஊரிலும் ஒரு கம்பெனி மொத்தமாக ஆட்களை வெளியே அனுப்பினால் அடுத்த வருட வரிசையில் இவர்களும் இருப்பார்கள். அன்றைக்கு நான் சிரிக்க மாட்டேன் என்று பெரிய மனதோடு எழுதலாம்தான். உறுதியாகத் தெரியவில்லை.

பொண்ணு குடுக்காதீங்க என்று எழுதியவர் காலையில் இன்பாக்ஸில் வந்து "சும்மா ஜாலிக்குப்பா, நீ ஏன் சீரியஸா எடுத்துக்கறே" என்றார். ஜாலி எல்லார் முன்னாலும் நடந்தது. சமாதானத்தையும் அங்கேயே சொல்லட்டும். அதுவரை இன்பாக்ஸில் பதில் கிடையாது.