பனி அறைக்கு எடுத்துச் சென்ற ஸ்வெட்டர்

கத்திரி வெயிலில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் கம்பளிக் குல்லா மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டரைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்தபடி கடலூர் பேருந்து நிலையத்தில் நின்றால் ஊர் எப்படிப் பார்க்கும் என்பதைக் கடந்த ஞாயிற்றுக்கிழமை கண்டுகொண்டேன். அவன் என் மகன். புதுச்சேரியில் குழந்தைகளுக்கான ஓர் உள்ளரங்க விளையாட்டுக் கூடத்தில் பனி அறை இருப்பதாக அவனுடைய அக்கா கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டியிருந்தாள். அதில் ஒரு சிறுமி இரண்டு கைகளாலும் பனியை அள்ளித் தலைக்கு மேல் வீசுகிறாள். பத்து நாட்களாக எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சில்லை.

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாட்கள் யோசித்தேன். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போன இடம் சரியில்லை என்பது ஒன்றும் பெரிய துயரம் அல்ல, யாருக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் அங்கே நான் பார்த்த ஒரு கதவு இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. கூடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உரிய இடத்தில் புகார் பதிவு செய்திருக்கிறேன், அது போதும்.

'வெள்ளிக் கடற்கரைக்குப் போயிருக்கலாமே', 'புதுச்சேரியில் 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறதே, எவ்வளவு நிழல்' என்று பின்னூட்டம் இடக் காத்திருக்கும் நண்பர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். மே மாதத்து நண்பகலில், அந்த வெள்ளிக் கடற்கரை இருக்கும் தேவனாம்பட்டினத்து மணலில் வெறுங்காலோடு இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். வெயிலுக்கு ஒதுங்கத்தானே கூரை தேடிப் போகிறோம்! அதோடு, நெய்வேலியிலிருந்து தங்கை மகன் வந்திருந்தான். பதினொரு வயது, பூங்காவில் வாத்து பார்க்கும் வயதைத் தாண்டியவன்.

ஆக, என் தாய், மனைவி, மூன்று பிள்ளைகள், நான் என்று ஆறு பேர் கிளம்பினோம். ஆல்பேட்டைப் பாலம் தாண்டி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பேருந்து ஒவ்வொரு நிறுத்தமாக ஊர்ந்து சென்றபோது மகன் ஒவ்வொரு ஊரிலும் "பனி வந்துடுச்சாப்பா?" என்று கேட்டான்.

கூடம் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. பனி அறை உள்ளிட்ட காம்போ கட்டணம் குழந்தைக்கு 600 ரூபாய்; ஒரு மணி நேரம். உடன் வரும் பெரியவர்களுக்கு ஆளுக்கு 100 ரூபாய். பெரியவர்கள் விளையாடுவதில்லை, நிற்பதற்குத்தான் அந்தக் கட்டணம். 2,100 ரூபாய் என்று நான் மனக்கணக்குப் போட்டிருக்க, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்றார்கள். அது 378 ரூபாய். பிறகு பிடிப்புக் காலுறை கட்டாயம் என்றார்கள். ஒரு ஜோடி 60 ரூபாய் வீதம் ஆறு பேருக்கு 360. மொத்தம் 2,838 ரூபாய். நான் பணம் கட்டினேன். கட்டும்போது அந்த முகப்பிலிருந்த பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஜிபேவா சார், கார்டா?"

அதன் பிறகு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். முழுவதும் ஆங்கிலம், கடுகு எழுத்து. காயம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல, பொருள் தொலைந்தால் பொறுப்பல்ல, கட்டிய பணம் எக்காரணத்தாலும் திரும்பக் கிடைக்காது. பின்னால் வரிசை நெருக்கியது, போட்டுவிட்டேன். "இன்னாடா எழுதியிருக்கு அதுல?" என்று என் தாய் கேட்டார். "எது நடந்தாலும் நம்ம பொறுப்புன்னு எழுதியிருக்கும்மா" என்றேன். "அதுக்கு எதுக்குடா அவங்களுக்குக் காசு?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

அறுபத்தெட்டு வயதில் அவர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் காலுறை அணிந்தார். கிளிப்பச்சை நிறம், அடியில் ரப்பர்ப் புள்ளிகள். மெட்டி நூலில் சிக்கிக்கொண்டதால் என் மனைவி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக விடுவித்து மாட்டிவிட வேண்டியிருந்தது. வாசலில் பையைச் சோதித்தவர் மகனின் தண்ணீர்ப் புட்டியை எடுத்து வைத்துக்கொண்டார். தண்ணீர் உள்ளே விலைக்குக் கிடைக்குமாம். திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம், ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது என் நினைவுக்கு வந்தது. அது திரையரங்குகளுக்கான தீர்ப்பு. விளையாட்டுக் கூடத்துக்கும் பொருந்துமா என்று வாதிட நான் வழக்கறிஞன் அல்லன். இருந்தாலும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து படம் பார்ப்பவரைவிட ஒரு மணி நேரம் குதித்து ஓடும் குழந்தைக்குத்தானே தாகம் அதிகம்?

மகன் நேராகப் பனி அறைக்குத்தான் ஓடினான். ஸ்வெட்டரை அவனே மாட்டிக்கொண்டான், பொத்தான் ஒன்று மேலும் கீழுமாக. பனி அறையின் கதவு மூடியிருந்தது. அதில் 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளை நான் அருகில் போய்ப் பார்த்தேன். ஓரங்கள் மஞ்சளித்துச் சுருண்டிருந்தன. ஒட்டிய செல்லோடேப்பின் விளிம்பில் தூசு படிந்து கறுப்புக் கோடாகியிருந்தது. அன்று காலையிலோ முந்தைய நாளோ ஒட்டிய தாள் அல்ல அது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே பனியும் இல்லை, பணியும் இல்லை. அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

என் மொத்தக் குறையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இயந்திரம் பழுதாவது குற்றமல்ல. குளிர்சாதனக் கருவி எந்தக் கடையிலும் கெட்டுப்போகும். ஆனால் பணம் வாங்குகிற முகப்புக்கும் அந்தக் கதவுக்கும் இடையே இருபது அடிதான் தூரம். 'சார், பனி அறை ஓடவில்லை, சம்மதமா?' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் காம்போ கட்டணம் கட்டியிருக்க மாட்டேன். அல்லது பிள்ளைகளிடம் அங்கேயே பேசிச் சமாதானம் செய்திருப்பேன். முகப்புக்குத் திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "அதுக்குப் பதிலா வேற கேம் ஆடிக்கலாம் சார்" என்றார்கள். வேறு விளையாட்டுகளில் கயிற்றுப் பாலமும் விஆர் நாற்காலியும் அன்று இயங்கவில்லை. அதையும் பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். நான் பேசிக்கொண்டிருந்த நேரமும் எங்கள் ஒரு மணி நேரத்தில் கழிந்துகொண்டே இருந்தது. கைப்பட்டையில் எழுதிய நேரத்தை யாரும் நிறுத்தி வைக்கவில்லை.

மற்றவற்றை நீட்டி முழக்க விரும்பவில்லை. பந்துக்குளத்தில் பாதிப் பந்துகள் நசுங்கியிருந்தன. மகள் அடியில் கைவிட்டுத் துழாவி ஒரு கிளிப், பயன்படுத்திய பிளாஸ்திரி ஒன்று, நமுத்த சிப்ஸ் துண்டு ஆகியவற்றை எடுத்துவந்து புதையல் போல என் உள்ளங்கையில் வைத்தாள். காலுறையைக் கழற்றியபோது அதன் அடிப்பாகம் மெக்கானிக் கடைத் துணி போல இருந்தது. சுவர் மெத்தைகளின் கிழிசல்களில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவையே.

டிராம்போலின் விஷயம் அப்படியல்ல. ஒரு விரிப்பில் ஒருவர் மட்டுமே குதிக்க வேண்டும் என்று சுவரில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு விரிப்பிலும் மூன்று நான்கு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். டிராம்போலின் காயங்களில் ஏறத்தாழ 75 சதவீதம் ஒரே விரிப்பில் பலர் குதிக்கும்போது நேர்பவை என்றும், அதில் சின்னக் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காரணம் எளியது: கனமான பையன் இறங்கும்போது விரிப்பு வாங்கும் விசை லேசான பிள்ளையைத்தான் தூக்கி எறியும். என் மகனுக்கு உதடு கிழிந்தது. அவன் மேல் விழுந்தவன் எங்கள் நெய்வேலிப் பையனேதான், வேறு யாரையும் நோகவில்லை. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் ஒரு சீப்பும் காலியான டெட்டால் புட்டியும் இருந்தன. பழச்சாறு விற்கும் அண்ணன் கேட்காமலேயே ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். அந்தக் கூடத்தில் அன்று எங்களுக்குக் காசு வாங்காமல் கிடைத்தது அது ஒன்றுதான்.

பிறகு மின்சாரம் போனது. ஜன்னல் இல்லாத கூடம். பளிச்சென்று இருந்த இடம் ஒரே நொடியில் கும்மிருட்டானது. காற்றடைத்த பெரிய சறுக்கு மேடைக்குக் காற்று ஊதும் கருவி நின்றதும், மேலே பிள்ளைகள் இருக்கும்போதே அது பெருமூச்சு விட்டுக்கொண்டு மெல்லத் தளர்ந்து சரியத் தொடங்கியது. இருபது வயதுகூட நிரம்பாத ஓர் ஊழியர் மட்டும்தான் அந்தப் பக்கம் இருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கைப்பேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு மடிப்புகளுக்குள் புகுந்து ஒவ்வொரு குழந்தையாக இழுத்து வெளியே விட்டார். காலை பத்து மணியிலிருந்து இன்னும் சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார். ஜெனரேட்டர் ஓட நான்கு நிமிடம் ஆயிற்று.

அந்த நான்கு நிமிடத்தில்தான் வெளியே போகும் வழியைத் தேடினேன். நாங்கள் வந்த வாசலில் ஐம்பது பேராவது முண்டிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் 'வெளியேறும் வழி' என்ற பலகை இருந்தது. அதன் விளக்கு எரியவில்லை. அதன் கீழே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், பிறந்தநாள் அலங்காரத்துக்கான இரும்பு வளையம், மடித்து வைத்த பழைய காற்றுப் பொம்மை. அவற்றுக்குப் பின்னால் கதவு. கதவின் கைப்பிடியில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு.

"தம்பி, சாவி எங்கே?" என்று கேட்டேன்.

"மேனேஜர்கிட்ட இருக்கு சார். அவரு சாயங்காலம்தான் வருவாரு."

2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் இதே போன்ற ஒரு விளையாட்டு அரங்கில் தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அதுவும் கோடை விடுமுறை. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலேயே அந்த அரங்கு நடந்துவந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. அவ்வளவு தூரம் போவானேன், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்ததை நம் பக்கத்துத் தாய் தகப்பன் யாரும் மறந்திருக்க முடியாது. மெத்தை, பஞ்சு, பிளாஸ்டிக் பந்து என எரிவதற்கென்றே சேர்த்து வைத்தது போன்ற பொருட்கள் நிறைந்த கூடத்தில், இரண்டாம் மாடியில், மாற்று வழியில் பூட்டுத் தொங்குகிறது. இதையும்தான் பணம் வாங்கும் முன் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எந்தத் தகப்பன் உள்ளே போயிருப்பான்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள். இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்த நண்பர்கள்கூட அந்தத் தாளைப் பார்த்தால் அடங்கிவிடுகிறார்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 'பணம் திரும்பக் கிடைக்காது' என்று அவர்களே அச்சடித்துக்கொண்ட வரி சட்டத்துக்கு மேலானது அல்ல. புகார் கொடுக்க நாம் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதும் இல்லை. குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணமும் கிடையாது. நான் முதல்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். பூட்டிய கதவைப் பற்றித் தீயணைப்புத் துறைக்குப் படத்துடன் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் காவலர் பேருந்துக்குள் ஏறி, மேல்தட்டில் உப்பிக்கொண்டிருந்த எங்கள் பையைத் தட்டி, "என்னங்க உள்ளே?" என்றார். புதுச்சேரியிலிருந்து வருகிற பையில் அவர் எதைத் தேடினாரோ அது இல்லை. ஆறு ஜோடி பச்சைக் காலுறையும் ஒரு ஸ்வெட்டரும் இருந்தன.

நேற்று அந்த மேலாளர் கைப்பேசியில் அழைத்தார். கூகுள் வரைபடத்தில் நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் மூன்று குழந்தைகளுக்கும் ஒரு மணி நேரம் இலவச அனுமதி தருவதாக, மிகவும் மரியாதையாகவே சொன்னார். பனி அறை அடுத்த மாதம் தயாராகிவிடுமாம். இலவசம் வேண்டாம், அந்தப் பின்கதவின் சங்கிலியை எடுத்துவிட்டு, கதவு திறந்திருக்கும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், உடனே நீக்கிவிடுகிறேன் என்றேன். "அனுப்புறேன் சார்" என்றார். இதை எழுதி முடிக்கும் வரை படம் வரவில்லை.