லீலாவதி, ஆறு மாதக் கவுன்சிலர்

ஏப்ரல் 23 வந்தால் சிவப்புப் பின்னணியில் மதுரைக் கவுன்சிலர் லீலாவதியின் படம் என் டைம்லைனில் வந்துவிடும். கீழே நாலைந்து "வீரவணக்கம்". நானும் வருஷா வருஷம் போட்டவன்தான். ஆனால் 'வெட்டிக் கொல்லப்பட்டவர்' என்பதைத் தாண்டி அவரைப் பற்றி இன்னொரு வரி எழுதச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் முழிக்காமல் எழுதுவோம்?

அந்த இன்னொரு வரி தண்ணீர்.

சித்தியை மதுரை வில்லாபுரத்தில், லீலாவதியின் ஏரியாவில், கட்டிக் கொடுத்திருந்தது. பள்ளிக்கூட லீவுக்கு நாங்கள் போனால் சித்தப்பா முகத்தில் ஒரு சின்னக் கலக்கம் தெரியும். சோற்றுக்கில்லை, தண்ணீருக்கு. கூடுதலாக மூன்று பேர் என்றால் கூடுதலாக எத்தனை குடம் என்று கணக்கு ஓடும். விலைக்கு விற்கிறவர்களிடம் குடம் கணக்கில் வாங்கிய தண்ணீர் அது. வாசலில் ஒரு வாளி, ஒரு டம்ளர். வெளியில் போய் வந்தால் அந்த ஒரு டம்ளரில் இரண்டு காலையும் கழுவிக்கொள்ள வேண்டும். நான் ஒருநாள் மறந்துபோய் இரண்டாவது டம்ளர் மொண்டேன். சித்தி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். இன்னும் மறக்கவில்லை.

லாரி வருவதற்கு முன்னாடியே குடங்கள் வரிசையில் நிற்கும். குடம் இல்லாதவர்கள் செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். செங்கல்லைத் தள்ளிவிட்டால் சண்டை.

1996 அக்டோபரில், பத்து வருடம் கழித்துத் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று ஒதுக்கிய முதல் தேர்தல். கைத்தறி நெசவாளர், மாதர் சங்கத்துக்காரர், மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளர். வில்லாபுரத்தில் ஜெயித்து மதுரை மாநகராட்சிக்குள் போனார் லீலாவதி. போனவர் கேட்டது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை, தெருவுக்குக் குழாய். சொல்லப்போனால் இதைவிடச் சாதாரணக் கோரிக்கை ஒரு கவுன்சிலருக்கு இருக்கவே முடியாது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் குடத்துக்குக் காசு வாங்குகிறவனுக்கு என்ன வேலை? 1997 ஏப்ரல் 23, பட்டப்பகலில், கடைவீதியில் வைத்து வெட்டினார்கள். கவுன்சிலராகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அதே வருஷம் ஜூன் 30, அதே மதுரை மாவட்டம். மேலவளவின் தலித் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனைப் பஸ்ஸை மறித்துக் கொன்றார்கள். அது சாதி, இது தண்ணீர் வியாபாரம். இரண்டு பேருமே ஓட்டு வாங்கி நாற்காலிக்கு வந்தவர்கள். லீலாவதி வழக்கில் ஆயுள் தண்டனை வாங்கியவர்கள் 2008-இல் அண்ணா நூற்றாண்டுக்காக அரசு ஆயுள் கைதிகளை விடுவித்தபோது வெளியே வந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வரும்.

எனக்கு உறுத்துவது வேறு. அரிவாளைப் பற்றியே பேசிப் பேசி, அந்த ஆறு மாத வேலையை நாம் விட்டுவிட்டோம். ஆபீஸுக்கும் தெருவுக்கும் நடந்தது, மனு எழுதியது, பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் நின்றது. பார்க்கப்போனால் சலிப்பான வேலை, போஸ்டரில் போட முடியாது. ஆனால் அவரைக் கொல்ல வைத்ததே அந்தச் சலிப்பான வேலைதான்.

இப்போது பெண்களுக்குப் பாதி இடம். நல்லது. போன மாசம் எங்கள் ஏரியாவில் சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவில் ஓடியது. கவுன்சிலர் அம்மா நம்பர் கேட்டேன். "அவங்க வீட்டுக்காரர் நம்பர் தர்றேன், அவர்தான் பேசுவாரு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, ரொம்ப இயல்பாகச் சொன்னார். நானும் இயல்பாக வாங்கிக்கொண்டேன். அப்புறம்தான் சுருக்கென்றது.

சித்தி இன்னும் வில்லாபுரத்தில்தான் இருக்கிறார். வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. ஆனாலும் அடுப்படியில் நாலு எவர்சில்வர் குடம், எப்போதும் நிரம்பி, தட்டுப் போட்டு மூடி இருக்கும். "அதான் குழாய் இருக்கே சித்தி, இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"இருக்குப்பா. நாளைக்கு நின்னுபோச்சுன்னா யார்ட்டப் போய்ச் சொல்றது? லீலாவதியக்காவா இருக்கு?"