பொய்யர், பைத்தியக்காரர், ஆண்டவர்: மூன்றே மூன்று வழிதானா?

வாலிபர் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் வாதம் இது. இயேசு தம்மைத் தேவன் என்றார். பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால் ஏமாற்றுக்காரர். தெரியாமல் சொல்லியிருந்தால் பைத்தியக்காரர். இரண்டும் இல்லையென்றால் ஆண்டவர். 'நல்ல போதகர், அவ்வளவுதான்' என்று நழுவ இடமே கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிபிசி வானொலியில் பேசிய கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் வழியாகப் பரவிய வாதம் இது.

நான் விசுவாசி. இயேசுவை ஆண்டவர் என்று அறிக்கையிடுகிறவன். ஆனாலும் இந்த வாதத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் வரியைப் பாருங்கள். 'இயேசு தம்மைத் தேவன் என்றார்.' எங்கே? உடனே காட்டப்படுகிற வசனங்கள் "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்", "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்பவை. இரண்டுமே யோவான் சுவிசேஷத்தில் மட்டும் உள்ளவை. நான்கு சுவிசேஷங்களில் யோவான்தான் கடைசியாக எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. முதலில் எழுதப்பட்டதாக அவர்கள் கருதும் மாற்கிலோ, "நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே" என்கிறார் இயேசு. யோவான் இட்டுக்கட்டினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தைகள் அப்படியே இயேசுவின் வாயிலிருந்து வந்தவையா என்று ஒருவர் கேட்டால், அதற்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வாதம் அந்தக் கேள்வியையே தாண்டிப் போய்விடுகிறது.

லூயிஸுக்கு இது தெரியாமல் இல்லை. அவர் அதிகம் நம்பியது பாவமன்னிப்பை. மாற்கு 2இல் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம் (உடல் செயலிழந்தவனிடம்) "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்கிறார் இயேசு. இது தேவதூஷணம், அதாவது தேவனை அவமதிக்கும் பேச்சு, என்று வேதபாரகர் என்ற யூதச் சட்ட அறிஞர்கள் நினைக்கிறார்கள். வலுவான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதே சம்பவத்தை மத்தேயு எப்படி முடிக்கிறார்? மனுஷருக்கு இப்படிப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்த தேவனை ஜனங்கள் மகிமைப்படுத்தினார்களாம். அதாவது, நேரில் பார்த்த கூட்டம் இதைத் தேவன் ஒரு மனிதருக்குக் கொடுத்த அதிகாரமாகவே எடுத்துக்கொண்டது. யோவான் 20இல் சீஷர்களுக்கும் பாவங்களை மன்னிக்கும் அதிகாரம் தரப்படுகிறது. அதை வைத்துப் பேதுருவைத் தேவன் என்று யாரும் சொல்வதில்லையே.

அப்புறம் அந்த 'பைத்தியக்காரர்' என்ற சொல். மேடையில் அது வரும்போது கூட்டம் சிரிக்கிறது. அந்தக் கூட்டத்திலேயே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளையின் தாய் உட்கார்ந்திருப்பார். இவ்வளவு அழகாகவும் அன்பாகவும் போதித்தவர் பைத்தியமாக இருக்க முடியாது என்பதுதான் அங்கே சொல்லப்படும் காரணம். ஆனால் மனநோய் உள்ளவர் அழகாகப் பேச மாட்டார், அன்பாக இருக்க மாட்டார் என்பது பச்சைப் பொய். அந்தப் பொய்யின் மேல்தான் இந்த வாதத்தின் ஒரு கால் நிற்கிறது.

நம் ஊரில் இது யாரிடம் போய்ச் சேரும் என்றும் யோசிக்க வேண்டும். இஸ்லாமிய நண்பரிடம் சொன்னால், 'ஈசா நபி (இயேசுவை அவர்கள் அழைக்கும் பெயர்) அப்படிச் சொல்லவே இல்லையே' என்பார். முதல் படியிலேயே பேச்சு முடிந்தது. 'அகம் பிரம்மாஸ்மி' (நானே பிரம்மம்) என்பதைக் கேட்டு வளர்ந்த இந்து நண்பருக்கு, ஒரு மகான் தன்னைக் கடவுள் என்பதில் பொய்யும் இல்லை, பைத்தியமும் இல்லை. அவரும் இயேசுவைக் கும்பிடுவார், மற்ற தெய்வங்களோடு சேர்த்து. இந்த இருவருக்கும் அந்த மூன்று வழியில் இடமே இல்லை.

அப்போஸ்தலன் பவுல் இப்படி யாரையும் மடக்கவில்லை. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று தன் ஊழியம் முழுவதையும் உயிர்த்தெழுதல் என்ற ஒரே சம்பவத்தின் மேல் வைத்தார். தவறென்றால் எல்லாமே போகும் என்று வெளிப்படையாகவே சொன்னார். வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த முறை இந்த மூன்று வழியைப் பலகையில் எழுதுவதற்குப் பதிலாக, மாற்கு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். "அவர் மதிமயங்கியிருக்கிறார்" என்று சொந்த இனத்தாரே அவரைப் பிடிக்க வந்த மூன்றாம் அதிகாரத்தையும் விடாமல் வாசியுங்கள். கேள்வி வந்தால் வரட்டும்.