முடியாதென்றால் முடியாதென்று சொல்லித் தொலையுங்கள்

முந்தாநாள் ராத்திரி மூன்று மணிக்கு போன். மண்டபத்தில் இறாலும் கணவாயும் வாங்கி ஐஸ் போட்டு அனுப்பும் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை முழுக்க என் பொறுப்பு. "தம்பி, தராசுல ஏறுற எடை பில்லுக்கு வர மாட்டேங்குது. சம்மாட்டிங்க எல்லாம் வந்து நிக்கிறாங்க, சீக்கிரம் கிளம்பி வாங்க" என்றார் மேனேஜர் அண்ணன். சம்மாட்டி என்றால் படகு முதலாளி. உச்சிப்புளியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தால் எல்லா லைட்டும் பச்சை. ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது, யுபிஎஸ்ஸும் கைவிட்டிருக்கிறது, கேபிள்களை எல்லாம் இணைத்துத் தகவலைக் கைமாற்ற ஆபீசில் இருக்கும் லினக்ஸ் ஸ்விட்ச் பெட்டி அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஷெட்டில் இருக்கும் தராசிலிருந்து ஒரு பாக்கெட், அதாவது ஒரு தகவல் துண்டு கூட ஆபீசுக்கு வரவில்லை. பையன்கள் எடையைப் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் தண்ணீர் சொட்டி மை கலைந்துகொண்டிருந்தது. ஒரு வரியில் 38-ஆ 88-ஆ என்று ஒரு சம்மாட்டிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் சண்டையே வந்துவிட்டது.

ஆபீசுக்கும் ஷெட்டுக்கும் இடையில் நான் இரண்டு கேபிள் இழுத்து அவற்றை ஒரே பாண்டாக, அதாவது இரண்டும் ஒரே இணைப்பாக ஓடும்படி, சேர்த்திருக்கிறேன். இந்தக் கரையில் ஒற்றைக் கேபிளை நம்பி எதையும் விட முடியாது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தும் அளவுக்கு அரித்த உப்புக் காற்று இது. ஆறு மாதம் கழித்து கேபிளின் ஆர்ஜே45 முனையைப் பிடுங்கிப் பார்த்தால் எட்டுப் பின்னிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதனால் ஒன்று போனாலும் இன்னொன்று ஓட வேண்டும். பாண்டுக்கு மேலே பிரிட்ஜ், எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்காக இணைப்பது. பிரிட்ஜில் ஒரே கேபிளுக்குள் தனித்தனிப் பாதை பிரிக்கும் விலான்கள்: தராசுக்கு விலான் 20, கேமராவுக்கு 30, ஃப்ரீசர் வெப்பநிலைக்கு 40. கேபிள் செருகும் போர்ட்டுக்கு மேல் பாண்ட், பாண்டுக்கு மேல் பிரிட்ஜ், மூன்றே மூன்று அடுக்கு. உலகத்தில் யாரும் செய்யாத அதிசயம் எதையும் நான் செய்துவிடவில்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாண்டில் இரண்டு கேபிளும் உயிரோடு இருக்கின்றன. பிரிட்ஜைக் கேட்டால் 20, 30, 40 மூன்றும் பாண்டின் மேல் இருப்பதாகச் சொல்கிறது. பிழைச் செய்தி ஒரு வரி கூட இல்லை. போகிற வருகிற பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டேன், ஒன்றுமே காட்டவில்லை. காட்டாதுதான். ஸ்விட்ச் சிப் தானே அனுப்பும் பாக்கெட்டும் சரி, தானே தூக்கியெறியும் பாக்கெட்டும் சரி, சிபியூ பக்கம் தலைகாட்டாது. கடைசியில் ஈத்டூல் என்ற கருவியில் போர்ட்டின் எண்ணிக்கைகளைத் திறந்தால் 'வடிகட்டப்பட்டவை' என்ற எண் மட்டும் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே போகிறது. தராசு ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறது. விலான் 20 என்று ஒன்று இருப்பதே சிப்புக்குத் தெரியாமல், வந்த ஒவ்வொன்றையும் வாசலிலேயே கொன்றிருக்கிறது. மேலே லினக்ஸின் மையமான கர்னல், எல்லாம் சரி என்று சத்தியம் செய்கிறது, கீழே சிப்பில் ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், கர்னல் சொல்வதைச் சிப்புக்கு எடுத்துச் சொல்ல இருப்பது டிரைவர். பொய் சொன்னது அதுதான்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நான் முதலில் கையால் அமைத்தபோது போர்ட்டுகளைப் பாண்டில் சேர்த்தேன், அப்புறம்தான் பாண்டைப் பிரிட்ஜில் சேர்த்தேன். நான்கு மாதம் ஓடியது. கரண்ட் போய் வந்தபோது சிப் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதம். அதற்குள், பெட்டி எழும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட் பாண்டை உருவாக்கி, பிரிட்ஜில் போட்டு, விலான்களையும் எழுதிவிட்டது. 'பாண்டுக்கு விலான் 20 சேர்' என்று பிரிட்ஜ் அறிவித்த நேரத்தில் அந்தப் பாண்டுக்குக் கீழே டிரைவருக்குச் சொந்தமான போர்ட் எதுவும் இல்லை. இது எனக்கில்லை என்று டிரைவர் விட்டுவிட்டது. அது நியாயம்தான். பிறகு போர்ட்டுகள் பாண்டுக்குள் வந்தன. அந்த நேரத்தில் டிரைவர் தலையைத் தூக்கி, நான் சேரும் பாண்டுக்கு மேலே ஏற்கெனவே ஒரு பிரிட்ஜ் இருக்கிறதா, அதில் என்னென்ன விலான் எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கேட்கவில்லை. 'சேர்ந்தாயிற்று' என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

இது நேற்று முளைத்த சிக்கலா? ஸ்விட்ச் சிப்புகளை லினக்ஸ் கர்னலோடு இணைக்கவே இருக்கும் பகுதிகள் இரண்டு: டிஎஸ்ஏ 2008-லேயே வந்துவிட்டது. ஸ்விட்ச்டெவ் 2015-ல் 3.19 பதிப்போடு வந்தது. ஒரு போர்ட்டின் மேலே இருப்பது மாறப்போகிறது என்றால், மாறும் முன்பே கர்னல் டிரைவரைக் கேட்கிறது. அந்த இடத்தில் 'என்னால் முடியாது' என்று திருப்பி அனுப்பலாம். ஏன் முடியாது என்று மனிதனுக்குப் புரியும் ஒரு வாக்கியத்தையும் கூடவே அனுப்பலாம். அந்த வசதி வந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன. அடுக்குக்குக் கீழே இறங்கித் தன் போர்ட்டுகளைத் தேடிக்கொடுக்கும் உதவிச் செயல்களும் கர்னலில் தயாராகவே உள்ளன. தாமதமாக வந்து சேரும் போர்ட்டுக்குப் பழைய விலான்களை மறுபடி ஒப்பிக்கும் வேலையும் 2021-ல் டிஎஸ்ஏவுக்குள் வந்துவிட்டது. பாண்டைச் சிப்பில் ஏற்ற முடியாத போர்ட் என்றால் அதைத் தனியாக வைத்து, சாஃப்ட்வேரிலேயே பாண்ட் ஓட வழியும் அங்கே உண்டு. சிபியூ திணறும், வேகம் குறையும், ஆனால் எடை பில்லுக்கு வந்து சேரும். தராசுக்கு என்ன பெரிய வேகம் வேண்டியிருக்கிறது?

எனக்கு விற்ற பெட்டியில் இருப்பதோ 5.4 கர்னல், 2019-ல் வந்தது. டிரைவர் அவர்களே சொந்தமாக எழுதியது. 'மேலே வந்தது பிரிட்ஜா?' என்று மட்டும் பார்த்துவிட்டு, நடுவில் பாண்ட் இருக்கலாம் என்பதைப் பாதி யோசித்து, மீதியை விட்டிருக்கிறார்கள். விளம்பரத் தாளில் மட்டும் பாண்ட், பிரிட்ஜ், விலான் மூன்றுக்கும் டிக் போட்டிருக்கிறது. தனித்தனியாக மூன்றும் ஓடும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், அதுவும் எந்த வரிசையில் அடுக்கினாலும், ஓடுமா என்று ஒருவராவது சோதித்துப் பார்த்திருப்பார்களா?

விடிந்ததும் அவர்கள் சப்போர்ட்டுக்கு போன் போட்டேன். முழுக்கதையையும் சொன்னேன். "ஸ்கிரிப்ட்ல ஸ்லீப் 30 போட்டுப் பாருங்க சார்" என்றார்கள், அதாவது ஸ்கிரிப்ட் 30 நொடி காத்திருக்கட்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. சிப் 31-வது நொடியில் எழுந்தால்? ஓடிக்கொண்டிருக்கும்போது களிம்பேறிய கேபிளை மாற்றுகிறேன் என்று ஒரு போர்ட்டைப் பாண்டிலிருந்து எடுத்து மறுபடி சேர்த்தால்? அப்போது எந்த ஸ்லீப் வந்து காப்பாற்றும்? வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது டிரைவரின் வேலை. அதை என் தலையிலும், ராத்திரி ஷெட்டில் நிற்கும் பையன்கள் தலையிலும் கட்டுவது என்ன நியாயம்?

அன்றைக்குச் சரிசெய்ய எனக்கு ஆன நேரம் ஒரு நிமிஷம் கூட இல்லை. பாண்டைப் பிரிட்ஜிலிருந்து கழற்றி, திரும்பச் சேர்த்து, விலான் மூன்றையும் மறுபடி எழுதினேன். உடனே தராசு எண் திரையில் வந்தது. அந்த ஒரு நிமிஷத்தைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு மணி நேரம் தேடினேன். பெட்டி எழுந்தபோதே 'பாண்டுக்குக் கீழ் வந்த போர்ட்டுக்கு விலான் போட முடியவில்லை' என்று ஒரே ஒரு வரி கத்தியிருந்தால் வீட்டிலிருந்தே முடித்திருப்பேன். அன்றைக்கு எடைக்குக் காத்துக்கிடந்த கணவாயும் ஐஸ் கரைந்து தரம் இறங்கியிருக்காது. அந்த நஷ்டத்தை ஏற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு வந்த படகுக்காரர்தான். பெட்டி விற்றவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை.

ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்குகிறது. 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், கம்பெனியிலும் வேலை குறைவு. மேனேஜர் அண்ணனிடம் பேசிவிட்டேன், இந்தப் பெட்டியை அப்போது கழற்றுகிறேன். புதிதாக எது வந்தாலும் பணம் கொடுக்கும் முன் என் மேஜையில் பிரிட்ஜை முதலில் கட்டி, விலான் எழுதி, போர்ட்டுகளைக் கடைசியாகப் பாண்டில் சேர்ப்பேன். பிறகு பத்துத் தடவை பவரைப் பிடுங்கிப் போடுவேன். ஒவ்வொரு தடவையும் அந்த 'வடிகட்டப்பட்டவை' எண்ணைப் பார்ப்பேன். அது ஏறினால் பெட்டி திரும்பிப் போகும்.